பாடல் யாருக்கு உரியது?

பாடலை ஒருவர் உடைமையாகக் கொள்ள முடியுமா என்னும் வினா சட்டத்துக்கு மட்டும் உரியதன்று. கொடையைப் பெற்றவர் கொடுத்தவருக்கு எவ்வாறு கடன்படுகிறார் என்று ஆராயும் அறவியலுக்கும் சமயச் சிந்தனைக்கும் உரியது. ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின் கேலிக் மொழிப் பாடல்களுக்கு வாழ்வை ஒப்படைத்த மார்கரெட் ஃபே ஷா (1903–2004) இதற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தார்.

அமெரிக்காவில் பிறந்து ஸ்காட்லாந்துப் பள்ளியொன்றில் பயின்றபோது, மார்ஜரி கென்னடி-ஃப்ரேசர் மேடைக்கேற்ப மெருகேற்றிப் பாடிய தீவுப் பாடல்களைக் கேட்ட அவர், அவற்றின் மூல வடிவத்தைத் தேடி 1929இல் தெற்கு யூயிஸ்ட் தீவுக்கு வந்து, மாரி, பெகி மெக்ரே என்னும் சகோதரியரின் வீட்டில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தங்கினார். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அத்தீவில், வந்தவரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று புனித பெனடிக்டின் துறவு விதி வகுத்த நெறி, மடத்துக்கு வெளியே, எளிய குடியானவர் வீடுகளிலும் வாழ்ந்தது எனலாம். அண்டை வீட்டார் குளிர்கால இரவுகளில் ஒரு வீட்டில் கூடிப் பாட்டும் கதையும் பகிரும் ‘கெய்லி’ என்னும் வழக்கத்தில், பாடலும் உணவைப் போலவே வந்தவர்க்கெல்லாம் வழங்கப்பட்டது.

அவ்வாறு வழங்கப்பட்டதை ஏட்டில் பதித்தால் கொடை சரக்காகிவிடாதா என்னும் மறுப்பு வலிமையானது. நனைத்த கம்பளித் துணியைப் பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து அடித்து இறுக்கும்போது ஒருத்தி பாட மற்றவர் பல்லவியை ஏற்கும் பாடல்கள், அவ்வுழைப்பின் தாளத்திலிருந்து பிரிக்கப்பட்டால் பாதி உயிரை இழக்கும். எனினும் 1955இல் வெளிவந்த ஷாவின் தொகுப்பு, பாடியவர்களைப் பெயரிட்டுச் சுட்டி, கேலிக் சொற்களையும் மெட்டையும் கேட்டபடியே தந்து, அவற்றோடு வேண்டுதல்கள், பழமொழிகள், கைமருந்துகள், சாயமிடும் முறைகள் ஆகியவற்றையும் சேர்த்துவைத்தது. மெருகேற்றாமல் விட்ட அந்த அடக்கமே அந்நூலின் தலையாய அறம்.

பெற்ற விருந்தோம்பலை அவர் திருப்பியும் அளித்தார். 1935இல் அவர் மணந்த கேலிக் அறிஞர் ஜான் லார்ன் கேம்பெல், 1938இல் கன்னா தீவை வாங்கினார். அங்கே அவர்களது இல்லம் அறிஞர்களுக்கும் பாடகர்களுக்கும் பல பத்தாண்டுகள் திறந்திருந்தது. 1946இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய கேம்பெல், 1981இல் தீவையும் நூலகத்தையும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடையாக வழங்கினார். நிலத்தையும் நூல்களையும் ஆவணம் எழுதிக் கைமாற்ற முடிந்தது. பாடலோ கேலிக் மொழியில் பாடுபவர் தொடர்ந்து இருந்தால்தான் கைமாறும் என்பதால், இன்றைய பாடகர்கள் ஷாவின் தொகுப்பிலிருந்து பாடல்களை எடுத்து மீண்டும் பாடுவதே அக்கொடையை நிறைவேற்றுகிறது.