கருவிற் காத்த கருணை



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலையில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்குத் தான்தோன்றீஸ்வரர் என்பது திருநாமம். கொக்கட்டி மரத்தடியிலே, ஒருவரும் செதுக்காமல், ஒருவரும் கொண்டுவந்து வைக்காமல் தானாகத் தோன்றிய இலிங்கம் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த வரலாறு. சிவபெருமானைக் கருவில் வாராதவன் என்றும், தாய் தந்தை இல்லாதவன் என்றும் சைவம் போற்றுகின்றது. அந்தப் பெருமை அவன் ஒருவனுக்கே உரியது. மற்ற நாம் அனைவரும், கோயில் வண்ணக்கரும் வாசல் கூட்டுகின்றவரும், ஒரு தாயின் வயிற்று இருட்டிலே கிடந்து வந்தவர்கள்தாம். அந்த இருட்டில் முதல் நான்கு வாரத்துக்குள் நடப்பதைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றேன்.

கோயில் மலரிலே உயிரியற் பாடம் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் அவரே. காவி உடுத்த பின்னரும் விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் பணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த பகுதியிலே இந்தப் பேச்சுக்கு நாம் கூச வேண்டியதில்லை. அதற்கும் முன்னரே மணிவாசகப் பெருமான் திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் தாயின் கருப்பையை மாதம் மாதமாக எண்ணிப் பாடிவிட்டார். திருமூல நாயனார் திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்திலே கருவின் உற்பத்திக்கு ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கின்றார்.

மணிவாசகர் அங்கே சொல்லும் முறையைக் கவனியுங்கள். முதல் மாதத்தில் இன்னது வளர்ந்தது, இரண்டாம் மாதத்தில் இன்னது முளைத்தது என்று அவர் அடுக்கவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஆபத்தைச் சொல்லி, அதிலிருந்து பிழைத்ததைச் சொல்கின்றார். பத்து மாதமும் பிழைத்தல், பிழைத்தல் என்றே கணக்கு ஓடுகின்றது. பிறப்பது ஒரு தப்பிப் பிழைப்பு என்பது அவர் கண்ட உண்மை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனி விஞ்ஞானம் காட்டுவதைப் பார்ப்போம். தாயின் முட்டையும் தந்தையின் விந்தும் கருப்பைக்கு வெளியே, பலோப்பியன் குழாயிலே கூடுகின்றன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என நிறமூர்த்தங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கலமாகின்றன. பாடசாலைப் புத்தகத்தில் அதற்கு நுகம் என்று பெயர். ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கே அதன் பருமன். அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிந்துகொண்டே குழாய் வழியே நகர்கின்றது. மூன்று நான்கு நாளில் முசுக்கொட்டைப் பழம் போன்ற ஒரு சிறு திரள். ஐந்தாம் நாளளவில் உள்ளே நீர் கோலி ஒரு குமிழியாகின்றது. ஆறாம் ஏழாம் நாளில் அந்தக் குமிழி கருப்பைச் சுவரில் ஒட்டி, அதற்குள் புதையத் தொடங்குகின்றது.

கர்ப்ப உபநிடதம் ஏழு இரவில் கரு குமிழியாகும் என்று சொல்கின்றது. இதைக் கேட்டவுடன் நம்மவர் சிலர், எல்லாவற்றையும் நம் முனிவர்கள் அன்றே கண்டுவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவதுண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் அவர்கள் உற்றுநோக்கியும் ஊகித்தும் சொன்னவற்றிலே சில பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை. அந்த உபநிடதத்திலேயே இரண்டாம் மாதத்தில் தலையும் மூன்றாம் மாதத்தில் பாதமும் உண்டாவதாக இருக்கின்றது. உண்மையில் நான்காம் வாரத்திலேயே தலைப்பக்கம் உருவாகத் தொடங்கிவிடும். நம் நூல்களின் பெருமை இதனால் குறைந்துவிடாது. அவை எழுதப்பட்ட நோக்கம் வேறு.

இரண்டாம் வாரத்தில் அந்தக் குமிழிக்குள்ளே ஒரு சிறு தட்டு அமைகின்றது. இரண்டு அடுக்குள்ள தட்டு. பதினைந்தாம் நாளளவில் அதன் மேலடுக்கிலே, ஒரு முனையிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய கோடு ஒன்று விழுகின்றது. வயலிலே முதற் சால் ஓட்டியது போல. இனி இதற்குத் தலை எது, கால் எது, இடம் எது, வலம் எது என்பதெல்லாம் அந்தக் கோட்டோடு நிச்சயமாகின்றன. மேலடுக்கின் கலங்கள் அந்தச் சாலை நோக்கி நகர்ந்து, அதற்குள் இறங்குகின்றன. முதலில் இறங்கியவை அடியிலே பரவி அகப்படை ஆகின்றன. அடுத்து இறங்கியவை நடுவிலே பரவி இடைப்படை ஆகின்றன. இறங்காமல் மேலே நின்றவை புறப்படை. மூன்றுமே அந்த ஒரே மேலடுக்கிலிருந்து வந்தவை. முதலில் ஒரு கலத்துக்கும் மற்றதற்கும் வேற்றுமை இல்லை. எங்கே நின்றது, எப்போது இறங்கியது, அயலில் உள்ளவை என்ன செய்தி கொடுத்தன என்பதைப் பொறுத்தே ஒன்று ஈரலாகவும் ஒன்று எலும்பாகவும் ஒன்று கண்ணாகவும் ஆகின்றது.

இந்த மூன்று படைகளை முதலில் கண்டவர் கிறிஸ்ரியன் பாண்டர் என்ற அறிஞர். 1817 இல், அடைகாத்த கோழி முட்டைகளை ஒவ்வொன்றாய் உடைத்துப் பார்த்துக் கண்டார். நம் வீட்டுக் கோழி 21 நாள் அடைகிடக்கும்போது அந்த ஓட்டுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. லூயிஸ் வோல்பெர்ட் என்ற உயிரியலாளர், ஒருவரின் வாழ்வில் பிறப்பையும் திருமணத்தையும் மரணத்தையும் விட இந்த மூன்று படை அமையும் காலமே முக்கியமானது என்று வேடிக்கையாகச் சொல்வார். வேலை முடிந்தபின் அந்தக் கோடு சுருங்கி, நான்காம் வாரம் முடியுமுன் மறைந்தும்விடும். திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரிப்பது போலத்தான்.

மூன்று என்றவுடன் மும்மூர்த்திகள், மும்மலம், முக்குணம் என்று பொருத்திக் காட்ட எனக்கும் ஆசை வரும். ஆயினும் எண் ஒத்திருப்பதால் பொருள் ஒத்துவிடாது. அதைவிட நேரான ஒன்றைச் சொல்கின்றேன். சந்நிதியில் நின்று ஒரு தேவாரம் பாடுகின்றீர்கள். மூச்சு நிறையும் நுரையீரலின் உட்சவ்வு அகப்படையிலிருந்து வந்தது. கூப்பிய கையின் தசையும் எலும்பும், உருகும் நெஞ்சிலே துடிக்கும் இருதயமும் இடைப்படை தந்தவை. பாட்டை நினைவிலே வைத்திருக்கும் மூளை புறப்படை தந்தது. திருநீறு பூசிய நெற்றியின் மேற்தோலும் அதே புறப்படைதான். நினைக்கின்ற மூளையும் தொடுகின்ற தோலும் ஒரே தாளிலிருந்து மடிந்தும் விரிந்தும் வந்தவை. உயிர் ஆணவ இருளிலே கிடப்பதைக் கண்ட இறைவன், உடம்பையும் கருவிகளையும் உலகையும் அதற்கு விளக்காகத் தந்தான் என்பது சைவ சித்தாந்தம். அந்த விளக்குக்குத் திரி திரிக்கும் வேலை நடப்பது கடுகளவே ஆன அந்தத் தட்டிலே.

இப்போது மணிவாசகர் கணக்குக்கு வருவோம். முதல் மாதத்திலே கரு இரண்டாகப் பிளந்துபோகும் ஆபத்தைச் சொல்கின்றார் என்று உரை கூறுவர். ஒரு கரு இரண்டாய்ப் பிரிந்து இரட்டையர் ஆவது முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே நடக்கும். பிந்திப் பிரிந்தால் ஒட்டிப் பிறக்கவும் கூடும். அது மட்டுமா? கருப்பையிலே ஒட்டாமலே கழிந்துபோகும் கருக்கள் பல, தாய்க்கே தெரியாது. கர்ப்பம் என்று அறிந்த பின்னரும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துபோகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை. கருக்கட்டிய நாளிலேயே, அல்லது அதற்கும் முன்னரே நேர்ந்துவிடும் பிழை அது. அவள் குனிந்ததாலும் குடம் தூக்கியதாலும் வந்ததன்று.

தாய்மாரே, மாமிமாரே, இதை உங்களுக்கென்றே எழுதுகின்றேன். கரு தங்காத ஒரு பெண்ணைப் பார்த்து, என்ன பாவம் செய்தாளோ என்று கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் பேசுகின்றோம். கல்யாண வீட்டிலே நிறைகுடம் எடுக்க அவளை அழைப்பதில்லை. ஆராத்தித் தட்டு அவளைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போகின்றது. சைவ வீட்டிலே இது எந்த நூலின்படி நடக்கின்றது? வினை உண்டென்று சொல்லும் சைவம், அயலவளின் வினையை எண்ணிப் பார்க்கும் வேலையை நமக்குத் தரவில்லை. பத்து மாதமும் பிழைத்துவந்ததை இறைவன் கருணை என்று மணிவாசகர் பாடினார். பிழைத்தவனுக்கு அது கருணையானால், பிழையாமற் போன கருவைச் சுமந்தவளுக்கு அது குற்றமாவது எப்படி? பத்தாம் மாதத்தைச் சொல்லும்போது அவர் தாய் படும் துயரையும் சேர்த்தே சொல்கின்றார். அந்த அடியார் மறக்காத ஒருத்தியை நாம் வாசலிலே நிறுத்திவைக்கின்றோம்.

மனிதர் செய்யக்கூடிய காப்பும் ஒன்று உண்டு. புறப்படையின் நடுப்பகுதி மடிந்து குழாயாகி மூளையும் முள்ளந்தண்டு வடமும் ஆகின்றது என்றேன் அல்லவா? அந்தக் குழாய் கருக்கட்டி 28 நாளளவில் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகிலே பிளவோடு பிறக்கும், அல்லது மண்டையோடு அமையாமலே போகும். 28 நாள் என்றால் தாய்க்கு மாதவிலக்கு தள்ளி இரண்டு வாரம். கிளினிக்குக்குப் போகலாமா என்று அவள் யோசிக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடுகின்றது. போலிக் அமிலம் என்ற சிறு குளிசையை முன்கூட்டியே எடுத்தால் இந்த ஆபத்துப் பெரிதும் குறையும். முன்பு இப்படியொரு குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே நடந்து 1991 இல் வெளியான ஆய்வில், மீண்டும் அவ்வாறு நேர்வது 72 சதவீதம் குறைந்தது. கருத்தரிக்க முயலும் காலத்திலிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. ஆகவே தாலி ஏறிய கையோடு நம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கண்டு கேளுங்கள். முன்பு இவ்வகைக் குழந்தை பிறந்திருந்தால் அளவு வேறு, அதை வைத்தியரே சொல்ல வேண்டும். கோயிலிலே நேர்ந்து தொட்டில் கட்டுங்கள், குளிசையையும் விடாதீர்கள்.

இன்னும் ஒன்று. மட்டக்களப்பிலே குடி தாய்வழியாக வருகின்றது. ஒரு தாய் வயிற்று வழியில் வந்தோரை வயிற்றுவார் என்று மூத்தோர் சொல்வர். கோயில் முறைமையும் பல இடங்களில் அந்த வழியையே பார்த்து நடக்கின்றது. பிள்ளைக்குத் தாயும் தந்தையும் பாதிக்குப் பாதி என்று மேலே சொன்னேன், அதில் மாற்றமில்லை. ஆனால் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணி என்ற நுண்பொருள் தாயிடமிருந்தே வருகின்றது. முட்டையின் கதை அதிலும் வியப்பு. பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அதன் சூலகத்திலே ஆறு ஏழு மில்லியன் முட்டைக்கலங்கள் உண்டாகிவிடுகின்றன. பிறக்குமுன்னரே பெரும்பகுதி அழிந்து, ஒன்றிரண்டு மில்லியன் எஞ்சும். பிறந்தபின் புதிதாக உண்டாவதாக உறுதிப்படவில்லை. அப்படியானால் உங்களை உருவாக்கிய முட்டை, உங்கள் அம்மா உங்கள் அம்மம்மாவின் வயிற்றிலே இருந்தபோதே உண்டாகிவிட்டது.

ஆறாம் மாதத்துக் கர்ப்பிணி ஒருத்தி வெள்ளிக்கிழமை அம்மன் வாசலில் வந்து நிற்கின்றாள். பூசகர் ஒருத்திக்கென்றே விபூதி கொடுக்கின்றார். வயிற்றிலே இருப்பது பெண்ணாயின், அங்கே கைநீட்டி நிற்பது மூன்று தலைமுறை.