கடைமடை வீட்டுக் குழாய்

காவிரிப் பாசனத்தில் ஒரு வாய்க்காலின் தலைமடைக்காரர் குறுக்கே மண்ணைப் போட்டு அடைத்து, தண்ணீர் முழுவதையும் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டால், அது தவறு என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. கடைமடையில் பயிர் காய்வது எல்லோர் கண்ணிலும் படும், ஊர் கேட்கும், அவரும் பகலில் அதைச் செய்யத் துணியமாட்டார். அதே ஆள் நகரத்துக்குக் குடிவந்து, மாநகராட்சிக் குழாயில் நேராக அரை எச்.பி. மோட்டாரைப் பொருத்தித் தெருவின் தண்ணீரை உறிஞ்சும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை. கோடைதோறும் உள்ளாட்சி அமைப்புகள் எச்சரிக்கை விடுகின்றன, சில வீடுகளில் மோட்டாரைப் பறிமுதலும் செய்கின்றன. பிடிபட்டவரைத் தெரு குற்றவாளியாகப் பார்ப்பதில்லை, நேரம் சரியில்லாதவராகவே பார்க்கிறது. வாய்க்காலில் இருக்கும் நியாயம் குழாயில் இல்லாமல் போனதற்குப் பெரும்பகுதிக் காரணம், குழாய் மண்ணுக்கடியில் கிடப்பதுதான். காய்ந்த பயிர் தெரியும். நாலு வீடு தள்ளி நிரம்பாத குடம் தெரியாது.

எது தவறு என்பதில் முதலில் தெளிவு வேண்டும். தரைக்குக் கீழே சம்ப் கட்டி, குழாயில் தன் போக்கில் வரும் தண்ணீரை அதில் விழவிட்டு, பிறகு சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவதால் யாருக்கும் தீங்கில்லை. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி இழுப்பதுதான் கேள்விக்குரியது. இதைத் தண்ணீர்த் திருட்டு என்பது வழக்கம். அந்தச் சொல் இந்தச் செயலுக்குப் போதாது, சொல்லப்போனால் சற்றே சலுகை காட்டுகிறது. திருட்டில் அடுத்தவர் பங்கு குறையும், அவ்வளவுதான். மோட்டார் பங்கைக் குறைத்துவிட்டு, மிச்சம் இருப்பதைக் கெடுக்கவும் செய்கிறது.

எப்படிக் கெடுக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நம் நகரங்களில் பெரும்பாலும் குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் இருப்பதில்லை. வால்வைத் திறந்துவிடும் சில மணி நேரம் மட்டும் வரும், பல ஊர்களில் அதுவும் சில நாளுக்கு ஒருமுறை. பழைய குழாயில் இணைப்புகள் தளர்ந்திருக்கும், விரிசல் இருக்கும், பக்கத்திலேயே பாதாளச் சாக்கடையும் போகும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை கவலையில்லை: ஒழுகினாலும் நல்ல தண்ணீர் வெளியே போகுமே தவிர, அழுக்கு உள்ளே வராது. அழுத்தம்தான் குழாயின் காவல். மோட்டார் இழுக்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் விழுந்து, சில வேளை வெளியைவிடக் குறைந்துபோகிறது. விரிசலைச் சுற்றி நிற்கும் கழிவுநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. சிறு கசிவை அது சமாளிக்கலாம். சாக்கடையே புகுந்தால் அதிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்று தீர்த்துவிடும்.

கர்நாடகத்தின் ஹூப்பள்ளி-தார்வாட் நகரில் சில வட்டாரங்களுக்கு 24 மணி நேரக் குழாய்நீரும், மற்றவற்றுக்குப் பழையபடி விட்டு விட்டு வரும் நீரும் கிடைத்த காலத்தில் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். விட்டு விட்டு வந்த குழாய்களில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் மலக்கிருமி இருந்தது. தொடர்ந்து வந்தவற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பின்னர் நோய்க் கணக்கும் பார்த்தார்கள். குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தொடர் நீர் கிடைத்த இடத்தில் டைபாய்டு குறைவு. ஏழை வீடுகளில் ரத்தபேதியும் குறைவு. இவை மோட்டாரைப் பற்றிய ஆய்வுகள் அல்ல, அழுத்தமற்ற குழாயைப் பற்றியவை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மோட்டார் செய்வது அந்த அழுத்தமின்மையைத்தான், அதுவும் தண்ணீர் ஓடும் நேரத்திலேயே. ஏழை வீடு என்ற குறிப்பும் முக்கியமானது. உறிஞ்சுகிறவர் வீட்டிலும் அந்த அழுக்கு புகும்; ஆனால் அங்கே ஆர்.ஓ. இயந்திரம் இருக்கும், இல்லாவிட்டால் கேன் தண்ணீர் வரும். குழாயில் வருவதை அப்படியே குடிப்பவர்கள் கேன் வாங்க முடியாதவர்கள். செய்கிறவரைத் தொடாமல் எளியவரைத் தேடிப் போய்ச் சேருகிற தீங்கு இது.

குடிநீர் வாரியம் ஒழுங்காகக் கொடுத்தால் மோட்டார் எதற்கு என்ற எதிர்வாதத்தில் வலு உண்டு. குடிநீர் வழங்கலுக்கான மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டு வடிவமைப்புக் கையேடு, ஒரு தளக் கட்டடத்துக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் குழாயின் கடைசியிலும் இருக்க வேண்டும் என்றது. தரைமட்டத்தில் ஒரு குடம் நிரம்பவே அரைமணி ஆகும் தெருக்களில் இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். வரியும் கட்டணமும் வாங்கிக்கொண்டு இதைச் செய்யாத அமைப்பு கடமை தவறியது, ஐயமில்லை. ஆனால் அந்தத் தவறு குடியிருப்பவருக்குக் கொடுக்கும் உரிமை அந்த அமைப்பின் மீதானது: புகார் கொடுக்கலாம், வார்டு உறுப்பினரை நிற்கவைத்துக் கேட்கலாம், வழக்கும் போடலாம். பக்கத்து வீட்டுக்காரர் எந்த வாக்கையும் மீறவில்லை. கடன் வாங்கியவர் ஏமாற்றினார் என்பதற்காக அவருடைய அண்டைவீட்டுக் கதவை உடைக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. மோட்டார் போட்டவருக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது, அதனால் அவர் புகார் கொடுப்பதில்லை. தெருவில் குரல் எடுபடக்கூடிய வீடுகள் இப்படி ஒவ்வொன்றாக மௌனமானால், வாரியத்துக்குக் கேட்பது கடைசி வீட்டின் குரல் மட்டுமே. அதை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

இதைவிடக் கடினமான வாதம் வேறு. தெருவில் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடுகிறது. ஒருவர் மட்டும் கழற்றினால் அவர் குடம்தான் காலி, தெரு திருந்தாது. உண்மைதான். அடுத்தவர் திருந்தாத இடத்தில் தன் பங்கை முழுவதும் விட்டுக்கொடுக்க யாரையும் அறம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இங்கே இரண்டு காரியங்களைக் குழப்புகிறோம். போட்டியில் அதிகம் எடுப்பது ஒன்று, குடிநீரில் கழிவைச் சேர்ப்பது இன்னொன்று. முதலாவதுக்கு ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பது ஓரளவு சமாதானம். இரண்டாவதுக்கு அது சமாதானமே இல்லை. பத்துப் பேர் சேர்ந்து கிணற்றைக் கெடுத்தால் பதினோராவது ஆளுக்கு அந்த வேலை நியாயமாகிவிடாது. எல்லா வீடும் ஒரே நாளில் கழற்ற ஒப்புக்கொள்வதுதான் நடைமுறை வழி. பாசன வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல. அந்த முறைகளிலும் சாதியும் நில பலமும் புகுந்து விளையாடின, அதைப் பொற்காலமாகப் பாட வேண்டாம். ஆனாலும் யார் முறை எப்போது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது, அதனால் மீறலும் தெரிந்தது. தெருக்குழாயில் அந்த வெளிச்சம் இல்லை. மீட்டர் இல்லாத வீடுகளில் அரைக்குடம் பிடித்தவரும் ஆயிரம் லிட்டர் இழுத்தவரும் ஒரே கட்டணம் கட்டுகிறார்கள். யார் எவ்வளவு எடுத்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவரின் நிலை வேறு. சம்ப் தோண்ட அவருக்கு உரிமையில்லை, கீழே போய்க் குடம் தூக்க வீட்டில் ஆள் இருக்காது, வீட்டுக்காரர் ஒரு மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டு வாடகையில் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். பொத்தானை அமுக்குவது குடியிருப்பவர் விரல். ஆனால் கணக்கு எழுத வேண்டியது மாடிமேல் மாடி கட்டப் பணம் வைத்திருந்து, தரைக்கடியில் ஒரு தொட்டி கட்ட மனம் வராதவர் பேரில். பறிமுதல் செய்ய வரும் ஊழியர் பெரும்பாலும் அவரைப் பார்ப்பதே இல்லை. அவர் வேறு தெருவில் இருக்கிறார்.