பாரம் இறங்கட்டும், பிறகு இறுக்கு!



ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் ஆசையாய் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. மேலே பெயின்ட் பளபளக்கும். அடியிலோ, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். வளைவில் கார் அலையும், டயர் ஒரு பக்கமாய்த் தேயும்.

புது புஷ் போட்டால் மட்டும் போதாது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாய் இறுக்கிவிட்டால், கீழே இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரத்தில் கிழியும். காரின் பாரம் சக்கரத்தின்மேல் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு!

தேவபிள்ளையே, பேதுருவைப் பார். பந்தியில் இருந்துகொண்டு, ஆண்டவருக்காக உயிரையே கொடுப்பேன் என்றான். அது சக்கரம் தொங்கும்போது இறுக்கின போல்ட்! அன்று ராத்திரியே ஒரு வேலைக்காரியின் கேள்வியில் கிழிந்துபோனான். ஆனாலும் இயேசு அவனைத் தள்ளிவிடவில்லை. திபேரியா கடற்கரையில் மூன்று தரம் கேட்டார். மந்தையின் பாரத்தை அவன்மேல் வைத்தே திடப்படுத்தினார். அல்லேலூயா!

நம்முடைய தீர்மானங்களும் உபவாசக் கூட்டத்தில், கைத்தட்டலுக்கு நடுவில் இறுகினவைதானே? திங்கட்கிழமை கடன்காரன் வாசலில் நிற்கும்போது அவை என்ன ஆகிறது? பாரம் வந்ததே என்று முறுமுறுக்காதே. அதன் கீழேயே முழங்காற்படியிடு. ஆவியானவர் உன்னை இறுக்குகிற இடம் அதுதான்.

ஆண்டவரே, தேய்ந்துபோன என்னைப் புதிதாக்கும். பாரத்திலும் நிலைநிற்கச் செய்யும். ஆமென்.