பதினெட்டு நாள், ஒரே ஊர்

ஆடி பிறந்ததும் அல்லைப்பிட்டியில் நான் செய்கிற முதல் வேலை, பூட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது. ஆறு வீட்டுச் சாவிகள் என்னிடம் இருக்கின்றன. உப்புக்காற்றில் பத்து மாதம் கிடந்த பூட்டு லேசில் திறக்காது. பிறகு கிணறு இறைக்க ஆள் பிடிக்க வேண்டும், மெத்தைகளை வெயிலில் போட வேண்டும், படலைக்குக் கயிறு மாற்ற வேண்டும். ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். இனிப் பண்ணைப் பாலத்தால் வான்கள் வரத் தொடங்கும்.

இந்த வருடம் சாவிக்கொத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நானும் புறப்பட வேண்டும் என்று சகோதரங்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். தங்கச்சி பாரிசில். தம்பி லண்டனில். ஆசிரியத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. "முழங்கால் நல்லாய் இருக்கேக்கை வராட்டி பிறகு எப்ப, அக்கா?" என்கிறாள் தங்கச்சி. ஆடுகளையும் வீட்டையும் விட்டுவிட்டுப் பதினெட்டு நாள் இருக்கலாம். அதற்கு மேல் எனக்கு மனம் வராது.

பாரிசில் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால், கடலுக்குக் கீழால் ஓடி, இரண்டேகால் மணித்தியாலத்தில் லண்டனில் இறக்கிவிடுமாம். எங்கள் ஊரிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய், படகேறி, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுத் திரும்பவே அதைவிடக் கூட நேரம் வேண்டும். அவர்களுக்கு அது பக்கத்து ஊர். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவளுக்கு இரண்டு தனித்தனி வாசல். பிரான்சுக்குச் செங்கன் விசா: 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி, தங்கச்சி தன் நகரசபையில் எடுத்து அனுப்ப வேண்டிய அழைப்புப் பத்திரம். லண்டனுக்கு வேறு விண்ணப்பம், வேறு காசு, கைரேகை வைக்கக் கொழும்புக்கு இன்னொரு பயணம். இரண்டையும் எடுக்கலாம், தான் காசு கட்டுகிறேன் என்று தம்பி சொல்கிறான். ஒன்பது நாள் அங்கே, ஒன்பது நாள் இங்கே. ஒருவருக்கும் நோகாத தீர்ப்பு. அந்தத் தீர்ப்புத்தான் எனக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதை, வருகிறவர்களை வருடா வருடம் பார்த்திருந்து படித்தேன். ஒரு குடும்பம் வந்தது. மூன்று வாரம். அதில் ஊருக்கு மூன்று நாள், மிச்சம் கண்டி, நுவரெலியா, திருகோணமலை. அந்த மூன்று நாளில் பதினான்கு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் கதிரையின் நுனியில் இருந்தார்கள். சோடாவில் பாதியைக் குடித்தார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், படம் எடுத்தார்கள், எழும்பினார்கள். அன்பில்லாமல் அல்ல. அந்தத் தாய் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வெளியே வான் இரைந்துகொண்டு நின்றது.

தங்கச்சியின் மகன் வேறு விதமாக வந்தான். பல்கலைக்கழகம் முடித்த கையோடு, தனியே, பன்னிரண்டு நாள், வேறெங்கும் போகாமல் என்னோடு. முதல் மூன்று நாளும் போனோடு விறாந்தையில் கிடந்தான். எனக்கே பாவமாக இருந்தது. நாலாம் நாள் விடிய, நண்டு வலை இழுக்கப் போன பக்கத்து வீட்டாரோடு கடலுக்குப் போய் உள்ளங்கை கிழிந்து வந்தான். ஒன்பதாம் நாள் ஒரு கேள்வி கேட்டான்: "பெரியம்மா, கிணத்துத் தண்ணி காலமை ஒரு ருசி, பின்னேரம் ஒரு ருசியாய் இருக்கு. ஏன்?"

தீவில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதற்குள் மாரி மழைத்தண்ணீர் உவர்நீரின் மேல் ஏடு மாதிரி மிதந்து நிற்கிறது. பகல் முழுக்க அள்ளினால் அந்த ஏடு மெலிந்து, கீழே இருக்கிற உவர் மேலேறும். இரவு விட்டுவைத்தால் மறுபடி தேறும். கோடை முற்ற முற்ற அந்த வித்தியாசம் நாக்குக்கு நன்றாகவே தெரியும். வாளியை அவன் கையில் கொடுத்து, விடிய ஒருதரமும் பொழுதுபட ஒருதரமும் குடித்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் வந்து போகிறவர்கள் போத்தல் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். இந்தக் கேள்வி அவர்களுக்கு வர வழியில்லை.

ஆகவே ஒரே ஊர் என்று முதலே முடிவெடுத்தேன். எந்த ஊர் என்பதில்தான் இரண்டு கிழமை நித்திரை போனது.

பாரிசின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்களில் ஏழு பேர் அங்கே. கான் திரைப்பட விழாவில் 2015இல் தங்கப்பனை பெற்ற 'தீபன்' படத்தின் நாயகன், எழுத்தாளர் ஷோபாசக்தி அல்லைப்பிட்டியில் பிறந்தவர், இருப்பது பிரான்சில். லாச்சப்பலில் 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் கோயிலுக்கு ஓகஸ்ட் கடைசியையொட்டித் தேர். பாரிஸ் தெருவில் தேங்காய்களைக் குவித்து வைத்து உடைப்பார்கள். வெள்ளைக்காரரும் வேட்டிகளுக்கு நடுவில் நின்று பிரசாதம் வாங்குவார்கள். தங்கச்சி வருடா வருடம் வீடியோவில் காட்டுவாள். "தேருக்கு வாங்கோ அக்கா, ஊரையே பாக்கலாம்" என்கிறாள்.

அந்த ஊரைப் பார்க்கத்தான் யோசிக்கிறேன். அங்கே போய் இறங்கினால் நான் அக்காவாக மட்டும் இருக்க முடியாது. யாருடைய வேலி சரிந்தது, எந்தக் காணிக்குள் யார் புகுந்தார்கள், தகப்பனின் கல்லறைக்கு வெள்ளை அடித்தாயிற்றா என்று ஊர் முழுக்க என்னிடம் கேட்கும். கேட்க வேண்டிய கேள்விகள்தான்; பதில் சொல்லவும் கடமைப்பட்டவள். ஆனால் பதினான்கு வீட்டில் கதிரை நுனியில் இருந்து, பாதிச் சோடா குடித்து எழும்புகிறவளாக நானே ஆகிவிடுவேன்.

இதையெல்லாம் தாண்டி இன்னொன்று இருக்கிறது. இப்படி இரண்டு ஊரை வைத்து, எது விருப்பம் என்று என்னை ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. என் வயதில் ஊரில் இருக்கிறவர்களுக்குப் பயணம் என்றால் கலியாணவீடு, செத்தவீடு, பிள்ளைப்பேறு, கோயில். இல்லாவிட்டால் ஓட்டம். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுக்குள் வந்தபோது ஊர் கலைந்தது. பிடிபட்ட இளைஞர்களில் பலர் திரும்பவேயில்லை. சமாதான காலத்தில் திரும்பி வந்து கூரை போட்டோம். 2006 மே 13 இரவு ஊரிலும் அயல் ஊர்களிலுமாக 13 பேரைக் கொன்றார்கள். அந்த ஓகஸ்டில், செல்லுக்குப் பயந்து பிலிப்பு நேரியார் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த சனத்தின் மேலேயே செல் விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரை ஓகஸ்ட் 20க்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. மறுபடி ஓடினோம். எந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லையோ அந்தப் பக்கம்.

ஒரேயொரு முறை தெரிவு என் கையில் வந்தது. 1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்த நாள். நாங்கள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கினோம். அப்பாவால் அதற்கு மேல் நடக்க ஏலாது. சனம் கிளாலியால் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போய்க்கொண்டிருந்தது. இருப்பதா, கடப்பதா? கார்த்திகையில் ஒரு இரவு வாங்கில் இருந்து யோசித்தேன். விடிய, பத்தொன்பது வயதுத் தம்பியிடம், "நீ போ. நான் அம்மா அப்பாவோடை நிக்கிறன்" என்றேன். அவன் விருப்பத்தை நான் கேட்கவில்லை. என் குடையை எடுத்துக்கொண்டு போனான். வன்னி, வவுனியா, கொழும்பு, பிறகு லண்டன். அம்மா அப்பா இருவருடைய செத்தவீட்டுக்கும் அவனால் வர முடியவில்லை. அன்றைக்கு நான் எடுத்த முடிவு சரிதான் என்று இப்போதும் நம்புகிறேன். கேட்காமல் எடுத்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

அவன் பெற்றோல் செற்றில் இரவு வேலை. மணமுடிக்கவில்லை. எனக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அழைப்பான். அங்கே காலை ஏழரை, வேலை முடிந்து வருகிற நேரம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால் அழைப்பு இங்கே ஒரு மணிக்கு வரும். சோற்றை இறக்கி வைத்துவிட்டு அந்த ஒரு மணித்தியாலம் காத்திருப்பேன். இருபத்தைந்து வருடமாக அவன் நாளில் எனக்குத் தெரிந்தது அந்தப் பத்து நிமிடம்தான். கதவைத் திறந்து உள்ளே போன பிறகு என்ன செய்கிறான்? தேத்தண்ணி போடுகிறானா, அப்படியே படுக்கிறானா, யன்னலால் என்ன தெரியும்? வீடியோவில் கேட்டால் கமராவைச் சுழற்றிக் காட்டுகிறான். அதில் ஒன்றும் தெரிவதில்லை.

லண்டனில் நானாகப் பார்க்க விரும்பும் இடமும் ஒன்று இருக்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில், பொன்முலாம் பூசிய தாராதேவி நிற்கிறாள். எட்டாம் நூற்றாண்டுச் சிலை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்தது. ஆளுநராக இருந்த பிறவுன்றிக் 1830இல் அங்கே கொடுத்தது. பாடம் நடத்திய காலத்தில் படத்தில் காட்டியிருக்கிறேன். அங்கே உள்ளே போகக் காசில்லை. "நான் இன்னும் உள்ளுக்கை போகேல்லை, அக்கா" என்றான் தம்பி. ஒருநாள் அவன் நித்திரையால் எழும்பிய பிறகு இருவருமாகப் போவோம். மற்றப் பதினேழு நாளும் வேறு திட்டமில்லை. அவன் உறங்கி எழும்பும் வரை குசினியில் சத்தமில்லாமல் மரக்கறி நறுக்கிக்கொண்டு இருக்கப் போகிறேன்.

கடமை முடிக்கப் போகிறேனா, பாவம் கழுவப் போகிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இரண்டும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கண்ணை மூடினால் முதலில் வருவது தேரில்லை. அந்த யன்னல்தான். விருப்பம் என்றால் இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று இரவு தங்கச்சிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள் போல. பிறகு, "உங்களுக்கெண்டு அந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிப் போட்டனான்" என்றாள். அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்ல நா வந்தது. அறுபது கடந்தவள் அந்தச் சொல்லைச் சும்மா எடுத்துவிடக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு நோகிறது. நோகட்டும் என்று விடவும் முடியவில்லை, அந்த நோவைத் தீர்க்க முடிவை மாற்றவும் முடியவில்லை.

"எத்தினை நாள்?"

"பதினெட்டு."

"முழுக்க அங்கையோ?"

"ஓம்."

தண்ணீரை நிறுத்தினாள். "ஒடியல் மா இடிச்சாச்சோ?"

"இடிச்சாச்சு."

"எனக்கும் வையுங்கோ. இங்கத்தை ஆக்கள் ஆவணியிலை திரும்பி வருவினம், ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ."

விடிய எழும்பி ஒன்றரைக் கிலோவாக இரண்டு பொதி கட்டினேன். அவளுடையதற்கு மேல் அவள் பெயரை எழுதி, எறும்பேறாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.