எதற்கு விசுவாசம்?

“நீங்க போய் அந்தச் சங்கீதத்தைக் கேக்குறீங்களே, வெக்கமா இல்லையா தோழர்?” என்கிறார்கள் நம்மவர்கள். “இசைக்கு ஏதுங்க சாதி?” என்கிறார்கள் சபாக்காரர்கள். எதிரும் புதிருமாகத் தெரியும் இந்த இரண்டு பேச்சில் முதலாவது என் காதைப் பொத்துகிறது. இரண்டாவது என் வாயைப் பொத்துகிறது. கர்நாடக இசையை ஒரு தலித் நேசிக்கலாமா என்பதல்ல இப்போது கேள்வி. நான் நேசிக்கிறேன். அதற்கு எவரிடமும் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. அந்த நேசத்தை யாரோடு, எந்த நிபந்தனையில் பகிர்ந்துகொள்வது என்பதே கேள்வி.

பழைய இசைத்தட்டுகளைப் பழைய கருவிகளிலேயே கேட்க வேண்டும் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபையர், கனத்த டர்ன்டேபிள், மரப்பெட்டி ஸ்பீக்கர். இவர்களுடைய மந்திரச்சொல் ஹை-ஃபை. ‘உயர்ந்த விசுவாசம்’ என்பதுதான் அதற்குப் பொருள். அதாவது, வாசித்தபோது எப்படி ஒலித்ததோ அதற்குத் துரோகம் செய்யாமல் திருப்பித் தருவது. எனக்கும் இந்தப் பித்து உண்டு. வால்வு சூடேறும்வரை பொறுத்திருந்து முள்ளை இறக்கினால் முதலில் சரசரப்பு, பிறகு தம்புரா, அப்புறம் மிருதங்கத்தின் இடந்தலையிலிருந்து அடிவயிற்றுக்குள் இறங்கும் ஒரு ‘கும்’. அந்தக் ‘கும்’ சரியாக விழுந்தால்தான் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்.

அது எங்கிருந்து வருது? தோலிலிருந்து வருது. பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். அவற்றைப் பதம்பார்த்துக் கட்டிச் சுருதிக்குக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், குறிப்பாகத் தலித் கிறித்தவர்கள். தட்டின் உறையில் பாடியவர் பெயர் இருக்கிறது, வயலின்காரர் பெயர் இருக்கிறது, மிருதங்க வித்வான் பெயர் இருக்கிறது. தோல் கட்டியவர் பெயரைத் தேடிப் பாருங்கள். தட்டே யாருடையது? லாங்பிளே வருவதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. அந்த அரக்கைச் சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சேகரித்தவர்கள் பழங்குடி மக்கள். ஒலி பிறக்குமிடத்திலும் அது பதிகிற இடத்திலும் உழைப்பு எங்க சனங்களுடையது. ‘விசுவாசம்’ மட்டும் மேடைக்கு.

2020இல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. தோல் மேடையேறலாம், தோலைப் பற்றிய பேச்சு ஏறக்கூடாது.

இது நம்ம ஊர்க் கதை மட்டுமல்ல. 1939இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிட்யூஷன் அரங்கம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் முன் திறந்தவெளியில் பாடினார்; கேட்க வந்தவர்கள் சுமார் 75,000 பேர். அவருடைய இசைத்தட்டுகள் அதற்கு முன்பே கடையில் விற்றுக்கொண்டிருந்தன. குரல் வீட்டுக்குள் வரலாம், ஆள் அரங்குக்குள் வரக்கூடாது!

ஆனாலும் இசைத்தட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தட்டுக்கு வாசற்காவல் கிடையாது. ‘குடும்பப் பெண்கள்’ பாடத் தயங்கிய காலத்தில் அதில் துணிந்து பாடியவர்கள் சேலம் கோதாவரி போன்ற தேவதாசி மரபுப் பெண்கள். மூன்று நிமிடப் பாட்டு. காசு கொடுத்தவன் எவனும் கேட்கலாம். கேட்பவனின் தெருவைத் தட்டு விசாரிப்பதில்லை.

மனிதர்கள் விசாரிக்கிறார்கள். பெரியவர் ஒருவர் அருமையான கராட் டர்ன்டேபிள் வைத்திருந்தார். சில மாதங்கள் அவர் வீட்டில் சேர்ந்து கேட்டோம். “இது காம்போதியா, யதுகுல காம்போதியா, நீங்க என்ன நினைக்கிறேள்?” என்று என்னைக் கேட்பார். ஒருநாள் என் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார். சொன்னேன். கதவைச் சாத்தவில்லை, காபி நிற்கவில்லை. “உங்க ஆளுங்கள்ல இப்படி ஒரு ஞானமா!” என்று வியந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். “நன்னா கவனிங்கோ, இதுக்குப் பேர்தான் காம்போதி” என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதே அறை, அதே தட்டு, அதே காதுகள். பகிர்வு மட்டும் தானமாக மாறிவிட்டது.

இங்கேதான் கோடு கிழிக்க வேண்டும். ‘சேரிக்கும் சங்கீதத்தைக் கொண்டுபோகிறோம்’ என்பவர்கள் கொடுக்க வருகிறார்கள், பகிர வருவதில்லை. ராகத்தை மதிப்பிடவும், பிடிக்கவில்லை என்று சொல்லவும், “இது எங்க தோலு” என்று அதே அறையில் பேசவும் எனக்கு உரிமை இருந்தால்தான் அது பகிர்வு. கேட்க மட்டும் அனுமதிப்பது கோயிலுக்கு வெளியே நிறுத்திப் பிரசாதம் கொடுப்பது மாதிரி.

எங்கள் மாணவர் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கீர்த்தனை முடிந்ததும் அதே ஆம்ப்ளிஃபையரில் பறை ஒலிக்கும், ஒப்பாரி ஒலிக்கும். இரண்டையும் ஒரே காதால் எடைபோட்டுச் சண்டை போடுவோம். வால்வு இரண்டுக்கும் ஒரேபோல விசுவாசமாகத்தான் இருக்கிறது. ரசிகர்களும் அப்படி இருக்கட்டும்; அதன்பிறகு சாதி இல்லாத இசையைப் பற்றிப் பேசலாம்.