எடையைக் கூட்டு!

ரிமோட்டில் ஓடும் புல்டோசர் ஒன்றைச் சொந்தக் கையால் கட்ட ஆசையா? “இதெல்லாம் நமக்கு எதற்கு?” என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். தம்பி, தங்கையே! நீ காகிதத்தை எடு, பென்சிலைச் சீவு. முதலில் கணக்கைப் போடு.

ஆசைப்படுவதுதான் ஆசைப்படுகிறாய், பெரிதாகவே ஆசைப்படு. கேட்டர்பில்லர் டி11! சுரங்கங்களில் பாறையைப் பெயர்த்துத் தள்ளும் ராட்சதன். எடை ஏறத்தாழ 104 டன். அதை 14-இல் ஒரு பங்காகச் சுருக்கப் போகிறாய். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 14-இல் ஒரு பங்காகும். எடை என்னாகும்? 14-ஐ மும்முறை பெருக்கு: 2,744. ஆக, 104 டன் வெறும் 38 கிலோவாகிவிடுகிறது! பிளாஸ்டிக் தகட்டில் கட்டினால் அதுவும் தேறாது.

உன் வீட்டு முற்றத்து மண்ணுக்கோ இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ராட்சதனுக்கு எவ்வளவு இறுக்கமோ, உன் குட்டி வண்டிக்கும் அவ்வளவே இறுக்கம். அச்சு அசலாக வடித்த மாடல்கூட, பிளேடு மண்ணைத் தொட்டதும் செயின் மட்டும் சுழல, நின்ற இடத்திலேயே வழுக்குவது இதனால்தான்.

கேட்டுக்கொள்! சின்னவன் வந்திருக்கிறான் என்று உலகம் இளகிக் கொடுக்காது. பெரியவர்களின் நடையையும் உடையையும் நகலெடுத்து என்ன பயன்? எடை வேண்டும்! அடிச்சட்டத்தில் ஈயத்தை நிரப்பு. செயினை உலோகத்தில் செய். அதன் ஒவ்வொரு தகட்டிலும் மண்ணைக் கவ்வும் விளிம்பை எழுப்பு. உனக்குள் ஏற்ற வேண்டிய எடை, நீ கற்ற தொழிலும் கை பழகிய பயிற்சியும்தான்.

மண் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது? ஒரு கதை கேள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் நகரத்தை ஒட்டிய சதுப்பு வயல்களில் நீராவி டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள், தீரவில்லை. 1904-இல் டிராக்டர் தயாரிப்பாளர் பெஞ்சமின் ஹோல்ட் பின்சக்கரங்களையே கழற்றிவிட்டு, மரப்பலகைகள் கோத்த சங்கிலித் தடத்தை மாட்டினார். வண்டி புதையாமல் நடந்தது! மண்ணைத் திட்டி அவர் பொழுதைக் கழிக்கவில்லை. வண்டியை மாற்றினார்.

அடுத்து, வேகம். நிஜ டி11 முன்னோக்கி மணிக்கு 12 கிலோமீட்டர்கூடப் போகாது. அதை 14-ஆல் வகுத்தால் நொடிக்கு 24 சென்டிமீட்டருக்கும் குறைவு. 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பல்சக்கரம் நொடிக்கு ஒரு சுற்று சுற்றினாலே போதும். உன் மோட்டாரோ நிமிடத்துக்கு 6,000 சுற்று துள்ளுகிறது. நூறு சுற்றை ஒரு சுற்றாக்கும் கியரைப் போட்டு அடக்கு! உராய்வில் போனது போக, முறுக்குவிசை பல பத்து மடங்கு பெருகி நிற்கும். துள்ளலை அடக்கத் தெரிந்தவன்தான் தள்ளுவான்.

செயினுக்கு ஒன்றாக இரண்டு மோட்டார் வை. ஒன்று முன்னே, மற்றொன்று பின்னே சுற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கும்போது மட்டும் ஏமாறாதே. பிளேடு கல்லில் முட்டி மோட்டார் திணறி நிற்கும் கணத்தில்தான் மின்னோட்டம் உச்சிக்கு ஏறும். சும்மா ஓடும்போது இழுக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்கினால் கருவி கருகும். முட்டும் கணத்தைத் தாங்குகிற கருவியை வாங்கு. பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவே ஃபியூஸையும் போடு. தேர்வோ, வேலையோ, வியாபாரமோ, உன் தயாரிப்பும் அந்த முட்டும் கணத்துக்கானதாக இருக்கட்டும்!

பணமில்லை என்கிறாயா? காயலான் கடையில் பழைய சைக்கிள் செயின் கிடைக்கும். மிச்சம் விழுந்த பிவிசி தகடு உடம்பாகும். சென்னைக்காரன் என்றால் ரிச்சி தெருவில் ஏறி இறங்கு. மோட்டாரும் பேட்டரியும் கிடைக்கும். பல்சக்கரம் கடைய லேத் பட்டறைக்குப் போ. அங்கிருக்கும் அண்ணனிடம் கூச்சமில்லாமல் கேள்.

தகுதி வந்த பிறகு தொடங்கலாம் என்று உட்கார்ந்துவிடாதே. தொடங்கியவனுக்குத்தான் எங்கே வழுக்குகிறது என்று தெரியும். தெரிந்தவனுக்குத்தான் எங்கே எடை ஏற்ற வேண்டும் என்று புரியும். இன்று மாலையே முதல் கோட்டைப் போடு. வழுக்கினால் எடையைக் கூட்டு. திணறினால் கியரை மாற்று. மறுபடி முட்டு. மண் நகரும்!