வெயில் வந்த நாளுக்கு ஓர் உடை

கிளாஸ்கோவில் ஜூலை மாதத்துப் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். அது 25-ஐத் தொட்டுவிட்டால் கெல்வின்குரோவ் பூங்காவின் புல்வெளியில் கால் வைக்க இடமிருக்காது. சென்னைக்காரர்கள் இதை மார்கழி என்பார்கள். அங்கோ அன்றைக்குத்தான் அலமாரியின் மூலையிலிருந்து சன்டிரெஸ் வெளியே வரும். தோளில் இரண்டே பட்டை, இறுக்கிப் பிடித்த இடுப்பு, அதற்குக் கீழே வட்டமாக விரியும் பாவாடை. புதிதாக வாங்கியதுதான், ஆனால் வெட்டு ஐம்பதுகளுடையது.

அந்த வட்டம் சும்மா வந்ததில்லை. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிமணிக்கு ரேஷன். தொடக்கத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். கம்பளி கவுன் ஒன்று எடுத்தால் அதில் 11 போய்விடும், பருத்தி என்றால் 7. எத்தனை மடிப்பு, எத்தனை பொத்தான் என்பதற்குக்கூட அரசாங்கம் வரம்பு கட்டியது. 1947-இல் பாரிஸில் கிறிஸ்தியான் தியோர் துணியை வாரி இறைத்துப் பாவாடை தைத்துக் காட்டியபோது லண்டனில் அமைச்சர் முகம் சுளித்தார். பெண்கள் சுளித்த மாதிரி தெரியவில்லை. பிரஸ்டன் நகரத்து ஹாரக்சஸ் நிறுவனம் பெரிய பெரிய பூக்கள் அச்சிட்ட பருத்தி உடைகளைக் கொண்டுவந்தது; 1953-54 காமன்வெல்த் சுற்றுப்பயணத்துக்கு எலிசபெத் அரசியே அவற்றில் சிலவற்றை எடுத்துப் போனார்.

அக்காலச் சன்டிரெஸ்கள் பலவற்றோடு அதே துணியில் ஒரு குட்டைச் சட்டையும் சேர்ந்தே வரும். பொலேரோ என்பார்கள். கடற்கரையில் கழற்றிவிடலாம், ஊருக்குள் நுழையும்போது மாட்டிக்கொள்ளலாம், மேகம் மறைத்தாலும் கைகொடுக்கும். வெயிலை முழுசாக நம்பாத புத்திசாலித்தனம் அது. இன்றைய கடைகள் பொலேரோவை மறந்துவிட்டன, ஆகவே மெல்லிய கார்டிகன் ஒன்று அவசியம்.

உடுத்துவதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூனைக்கண் கண்ணாடி, தலையில் கட்டிய ஸ்கார்ஃப், சிவப்பு உதட்டுச்சாயம், பிரம்புப் பை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் அது மாறுவேடப் போட்டி. ஏதாவது ஒன்று போதும். என்னைக் கேட்டால் பிரம்புப் பை. வலைத்துணி உள்பாவாடை படத்துக்கு அழகு, வெயிலில் தொடையெல்லாம் அரிக்கும். செருப்பு தட்டையாக இருக்கட்டும். பாலியெஸ்டரில் தைத்த ரெட்ரோ உடைகள் கசங்காதுதான், ஆனால் வியர்வையையும் உறிஞ்சாது. பாப்ளின் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். கசங்கினால் என்ன?

பழைய உடைகள் விற்கும் கடைகளில் தொங்கும் அசல் ஐம்பதுகளின் சன்டிரெஸ்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். பட்டை நைந்திருக்காது, அக்குளில் சாயம் போயிருக்காது, விளிம்புத் தையல் முதல் நாள் போலிருக்கும். சுமார் எழுபது ஆண்டு அவை பிழைத்ததற்குக் காரணமே யாரும் அவற்றை அதிகம் உடுத்தவில்லை என்பதுதான். இதைவிட நல்ல நாள் வரட்டும் என்று யாரோ மடித்து வைத்திருக்கிறார்கள். கிளைடு ஆற்றில் நீராவிப் படகேறி பியூட் தீவின் ராத்சே ஊருக்கு விடுமுறை போன பெண்கள் உடுத்திய உடைகள் உப்புக்காற்றில் வெளுத்து, துவைத்துத் துவைத்து இற்று, கடைசியில் தூசி துடைக்கும் துணியாகிப் போயிருக்கும். அவை எந்த அருங்காட்சியகத்துக்கும் வந்து சேரவில்லை. ஆக, ரெட்ரோ என்று நாம் பார்த்துப் பார்த்து நகலெடுப்பதில் பாதி, பெட்டிக்குள்ளேயே கழிந்த கோடைகாலங்கள். உடுத்தித் தீர்த்தவர்களின் பாணிக்கு மாதிரி கிடைக்காது. நாமாகத்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே ஜமுக்காளம் தேட வேண்டாம், புல்லில் அப்படியே உட்காரலாம். ஐஸ்கிரீம் சொட்டினால் சொட்டட்டும். ஜூனில் கிளாஸ்கோவில் இரவு பத்து மணிவரை வெளிச்சமிருக்கும், ஒன்பது மணிக்கே குளிர் தொடங்கிவிடும். கார்டிகனை மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.